தழும்பு சொல்லும் சேதி

வயிற்றைப் பற்றி எழுதப் போகிறோம். முகம் சுளிக்க வேண்டா, தோழர்களே! கண்ணைப் பாடக் கவிஞர் உண்டு; காலடியைப் பாட அடியார் உண்டு; வயிற்றைப் பாடத்தான் ஆளில்லை. பசித்தபோது பேசப்படும் வயிறு, பசி தீர்ந்ததும் மறக்கப்படுகிறது. நோயுற்ற வயிறோ மூடி மறைக்கப்படுகிறது. கோடைக்காலத்துப் பகலில் திண்ணையிலே சட்டையின்றிச் சாய்ந்திருக்கும் முதியவர்களைப் பாருங்கள். மார்புக்குழியிலிருந்து தொப்புள் வரை நீண்டு கிடக்கும் வெள்ளைக்கோடு ஒன்று, அவர்களுள் சிலரது வயிற்றிலே தென்படும். "அல்சர் ஆபரேஷன், அது பழைய கதை" என்பார்கள். பழைய கதைதான். ஆனால் முடிந்துபோன கதையா? அதைத்தான் கேட்க வந்தோம்.

ஆமத்தூர் நம் ஊர். விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் வழியிலுள்ள கரிசல் ஊர். மழை பொய்த்தால் நிலம் வெடிக்கும். நிலம் வெடித்தால் மக்கள் வெடி செய்யப் போவார்கள். விடியுமுன் ஆலை வண்டி வரும். தூக்குவாளியும் கையுமாக ஏறுவார்கள். வெறும் வயிற்றிலே தேநீர், இடையிலே பீடி, வேலை ஓய்ந்தபின் ஆறிய சோறு, அதற்குத் துணையாக மிளகாய்! வயிற்றுக்காக உழைக்கப் போனவன் வயிற்றையே பறிகொடுத்து வந்தான் என்று ஊர் சொல்லும். பட்டினியும் காரமும் கவலையுமே புண்ணுக்குக் காரணம் என்று பாட்டியும் சொன்னாள். பக்கத்து வீட்டாரும் சொன்னார். அந்நாளைய மருத்துவரும் பெரும்பாலும் அதையேதான் சொன்னார்.

அந்தக் கருத்தை அசைத்தவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மருத்துவர் இருவர். ராபின் வாரன் ஒருவர். பாரி மார்ஷல் மற்றவர். இரைப்பையின் அமிலத்திலே எந்தக் கிருமியும் குடியிருக்க இயலாது என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், அங்கே வளைந்த கிருமி ஒன்று குடியிருக்கிறது என்று கண்டனர். 1982இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால், வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதலான நாள்கள் கிடந்தன. கிருமி வளர்ந்து காட்சி தந்தது. நம்ப மறுத்தவர்க்குச் சான்று காட்ட, 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்தார், வயிற்றழற்சியும் கண்டார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அதன் பெயர். இரைப்பை, முன்சிறுகுடல் புண்களிற் பெரும்பாலானவற்றுக்கு வேர் அதுவே. புகையிலையும் வலிமாத்திரைகளும் அதற்குத் துணைநின்று கெடுப்பவை. 2005இல் அவ்விருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. சோதிடன் தன் கணிப்பைச் சோதிக்கத் தானே நஞ்சு குடித்தான் என்று எங்கேனும் கேட்டதுண்டா? ஐயத்தைத் தன் உடலிலேயே சோதித்துப் பார்க்கும் துணிவு, அறிவியலுக்குரிய துணிவு!

அக்கிருமியை இன்று மாத்திரைகளால், இரண்டு வாரத்தில், பெரும்பாலும் ஒழித்துவிடலாம். அன்று அது தெரியாது. கத்தியே கதி. அந்தக் கத்தியின் வரலாறும் அறியத்தக்கது. 1881 ஜனவரி 29 அன்று வியன்னா நகரிலே தியோடர் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர், தெரேசா ஹெல்லர் என்னும் 43 வயதுப் பெண்மணியின் இரைப்பையில் புற்று மண்டிய பகுதியை வெட்டி எடுத்து, எஞ்சியதைக் குடலோடு தைத்தார். நான்கு திங்களளவே அவர் உயிர் வாழ்ந்தார். எனினும் இரைப்பையை வெட்டிய பின்னும் மனிதர் பிழைத்திருக்கலாம் என்று உலகம் அன்று கற்றது. 1885இல் பில்ரோத் மற்றொரு முறையைக் கையாண்டார்: எஞ்சிய இரைப்பையைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கும் முறை. புற்றுக்கெனப் பிறந்த அறுவை, பின்னாளிலே புண்ணுக்கும் பயன்பட்டது. 1943இல் சிகாகோவில் டிராக்ஸ்டெட் என்பார், அமிலம் சுரக்க ஆணையிடும் வேகஸ் நரம்பை அறுத்துப் புண்ணை ஆற்றினார். நம் நாட்டு மருத்துவமனைகளிலும் இவை வழக்கமாயின. நரம்பை அறுத்து, இரைப்பைக்கும் குடலுக்கும் புதுவழி திறந்து, எத்தனையோ உழைப்பாளிகளை வீட்டுக்கு அனுப்பி வைத்தனர் நம் அறுவை மருத்துவர்கள்.

அப்படி அனுப்பப்பட்டவருள் ஒருவர் நம் பெரியப்பா.

தீப்பெட்டி ஆலையிலே வேலை பார்த்தவர். 1986இல் அவருக்கு 33 வயது. புண் வருவதும் ஆறுவதுமாக இருந்து, தழும்பேறி, இரைப்பையின் கீழ்வாய் அடைபட்டுப் போயிற்று. முதல்நாள் உண்ட சோறு மறுநாள் வாந்தியாக வரும். எலும்புக்கூடானவரை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். இரைப்பையின் கீழ்ப்பாதியை வெட்டி எடுத்து, மீதியைக் குடலோடு இணைத்தார்கள். பிழைத்தார். பிழைத்தார் என்றால் சும்மாவா? 36 ஆண்டு உழைத்தார். இரண்டு பெண்களுக்கு மணம் முடித்தார். மகனைப் படிக்க வைத்தார். ஊர்ப் படிப்பகத்திலே நாள்தோறும் முதல் ஆளாக அமர்ந்து ஏடு படித்தார். அந்தக் கத்திக்கு நம் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

2022இல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நான்கு கவளத்தில் வயிறு நிறைந்துவிட்டது என்றார். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. "விடுய்யா, வாயு. சீரகத் தண்ணி குடிச்சா இறங்கிரும்" என்பது அவருடைய விடை. மருந்துக்கடையில் வாங்கிய வாயு மாத்திரையும் சீரகத் தண்ணீரும் திங்கள் இரண்டைத் தின்றன. பிறகு உறவினர் கூடினர். தொக்கம் எடுக்கும் கிழவியிடம் அழைத்துப் போனார்கள். அவள் ஏதோ மயிர்ச்சுருளை எடுத்துக் காட்டினாள். சோதிடர் ஒருவர் ஏழரைச் சனி என்றார். சனிக்குரிய தலத்துக்குப் போய் வரச் சொன்னார். போனார்கள், வந்தார்கள். எடை மட்டும் திரும்பி வரவில்லை.

அதன்பின் நிகழ்ந்ததுதான் கொடுமை. "யாரோ மருந்து வச்சிட்டாங்க" என்று ஒரு குரல் கிளம்பிற்று. யாரோ என்றால் யார்? சோறாக்கிப் போடுபவள்தானே! வேற்றூரிலிருந்து வாழ வந்த மருமகள்மீது பார்வைகள் திரும்பின. அடுப்படி அவளுக்கு அடைக்கப்பட்டது. அவள் தொட்ட தண்ணீர் சாக்கடைக்குப் போயிற்று. பெண் என்றால் பேயும் நம்பப்படும், பழியும் நம்பப்படும், அவள் சொல் மட்டும் நம்பப்படாது! நோய் ஒருவர் வயிற்றிலே. தண்டனை இன்னொருத்தி தலையிலே! மூடநம்பிக்கை யாருக்கும் தீங்கில்லாத வேடிக்கை என்று பேசும் நண்பர்களைக் கேட்கிறோம்: அந்தப் பெண் மாட்டுத்தொழுவத்தருகே அமர்ந்து உண்ட நாள்களை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

நாம் அப்போது கல்லூரியில் இறுதியாண்டு படித்துக் கொண்டிருந்தோம். விடுமுறையில் வந்து, பெரியப்பாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்தவர் இளம் பெண் மருத்துவர். பேச்சைக் கேட்டதும் மாத்திரை எழுதவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னார். கோட்டைப் பார்த்தார்.

"இந்தத் தழும்பு எப்ப வந்தது ஐயா?"

"அது பழைய கதைம்மா. ஆறிப் போச்சு."

"எத்தனை வருசம் ஆச்சு?"

"முப்பத்தாறு இருக்கும்."

அவர் அமைதியானார். பிறகு எண்டோஸ்கோபி செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். தொண்டை வழியே மெல்லிய குழாய் செலுத்தி, இரைப்பையின் உட்புறத்தைத் திரையில் காணும் பரிசோதனை அது. சில நிமிட வேலை. இரைப்பையும் குடலும் இணைந்த இடத்திலே புற்று இருந்தது. சிறுதுளி சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். ஈரலுக்கும் பரவியிருந்தது, வெட்டி எடுக்கும் நிலையைக் கடந்துவிட்டது.

இஃது எப்படி நேர்ந்தது? அமிலம் நிறைந்த இரைப்பையின் கீழ்ப்பகுதி போய்விட்டது. எஞ்சிய பகுதியில் அமிலம் குறைந்தது. குடலிலே தங்க வேண்டிய பித்தநீர், புதுவழியே பின்னேறி, இணைப்பின் ஓரத்தை ஓயாமல் நனைத்தது. அமிலம் காவல் காத்த இடத்தில் கிருமிகள் பெருகின. உணவிலுள்ள நைட்ரேட்டுகளிலிருந்து தீய சேர்மங்கள் தோன்ற அவை வழி செய்தன. உட்சவ்வு மெலிந்தது, உருமாறிற்று, மிக நெடுங்காலத்துக்குப் பின் ஒரு மூலையில் புற்று முளைத்தது. அறுவையின்போது ஒழிக்கப்படாது நின்ற பழைய கிருமியும் பங்கு கொள்வதுண்டு. இரைப்பைப் புற்றுக்கு அதுவும் ஒரு காரணம் என்று உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே வகைப்படுத்தியிருக்கிறது. பட்டாசு மருந்துதான் காரணம் என்பாரும் ஊரில் உண்டு. சனியைச் சான்றின்றி ஏற்க மறுத்த நாம், இதையும் சான்றின்றி ஏற்பதற்கில்லை. தனியொருவர்க்கு இன்னதால்தான் வந்தது என்று அறுதியிட்டுரைக்க எவராலும் இயலாது.

இங்கே ஒரு சொல் அழுத்தமாகச் சொல்லிவிடுகிறோம், அச்சம் பரப்புவது நம் நோக்கமன்று. அல்சர் அறுவை செய்துகொண்டவருள் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதே இல்லை. அறுவைக்குப் பிந்திய தொடக்க ஆண்டுகளில் ஆபத்துக் கூடுவதுமில்லை. 15, 20 ஆண்டுகள் கடந்தபின்தான் மெல்ல மெல்ல ஏறுகிறது. இரைப்பையின் பகுதியை வெட்டியவர்களிடம் மிகுதி. வெட்டாமல் குடலை மட்டும் இணைத்துக் கொண்டோரிடமும் காணப்பட்டதுண்டு. ஆபத்து தொலைவில் நிற்பதனாலேயே மறக்கப்படுகிறது. இருபது ஆண்டுக்குப் பின் வரும் விருந்தாளிக்காக எவன் வாசலில் நிற்பான்?

வீட்டார் ஒருமுடிவாகச் சொன்னார்கள், "அவர்ட்ட சொல்லிராதீங்க" என்று. ஆனால் அவர் நம்மைத் தனியே அழைத்தார். "நீ படிச்சவன். பூசி மெழுகாம என்னன்னு சொல்லுய்யா" என்றார். சொன்னோம். புற்று என்ற சொல்லையும் சொன்னோம், இடத்தையும் சொன்னோம், பழைய அறுவைக்கும் இதற்கும் உள்ள தொடர்பையும் சொன்னோம். நெடுநேரம் கூரையைப் பார்த்தார். பிறகு இரண்டே பேச்சு. முதலாவது: "அவ கையால கஞ்சி கொண்டாரச் சொல்லு." மருமகள் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். வீடே பார்க்க அதைக் குடித்தார். திரையில் தெரிந்த ஒரு படம், ஒரு பெண்ணின் பழியைத் துடைத்தது! இரண்டாவது பேச்சு கேள்வி: "வெட்டுன அன்னைக்கே, இருபது வருசம் கழிச்சு ஒருக்கா வந்து காட்டுன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா, நான் போயிருப்பேன்லய்யா?"

2023 ஆடியில் அவர் மறைந்தார். கேள்வி மறையவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தபோது ஓர் ஆண்டு நம்மைத் திடுக்கிட வைத்தது. அமெரிக்காவின் மாயோ மருத்துவமனை அறுவை மருத்துவர் டொனால்ட் பால்ஃபர், புண்ணுக்காக அறுவை செய்யப்பட்ட இரைப்பையிலே பின்னாளில் புற்று தோன்றியதைப் பதிவு செய்த ஆண்டு 1922. நம் வட்டாரத்துப் பிள்ளைகள் அறிந்த ஆண்டுதான் அது! அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு வண்டி ஏறிய ஆண்டு 1922. 1923இல் அவர்கள் திரும்பினர். சிவகாசியிலே தீப்பெட்டி பிறந்தது. அதன்வழிப் பட்டாசும் அச்சும் வளர்ந்தன. கல்கத்தாவிலிருந்து கந்தகக் கலை ஓராண்டில் வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் அச்சேறிய வயிற்றுக் கலை, நூறாண்டு கடந்தும் ஆமத்தூர்த் திண்ணைக்கு வந்து சேரவில்லை. காரணம் என்ன? தீப்பெட்டியை விற்க ஆள் இருந்தார்கள். அறிவைக் கொண்டுவந்து கொடுக்க ஆள் இல்லை. பொருளுக்குச் சந்தை உண்டு. எச்சரிக்கைக்குச் சந்தை இல்லை!

மருத்துவரைக் குறை கூறுவது எளிது. வரிசையில் நூறு பேர் நிற்க, வெட்டித் தைத்து உயிர் மீட்டு அனுப்பியவரிடம், இருபதாண்டுக்குப் பின் வருவதையும் ஏன் உரைக்கவில்லை என்று கேட்பது ஓரளவுக்கே நியாயம். அறுவை செய்துகொண்ட அனைவருக்கும் தவறாமல் எண்டோஸ்கோபி வேண்டுமா என்பதில் மருத்துவ உலகமும் ஒருகுரலில் பேசவில்லை. ஆனால் நோயாளிக்குத் தன் உடலின் வரலாற்றை அறியும் உரிமை உண்டா, இல்லையா? என்ன வெட்டினார்கள், எதை எதனோடு இணைத்தார்கள், பின்னாளில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத் தாய்மொழியில் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது பெரிய செலவா? பெரியப்பாவிடம் அந்தத் தாளே இல்லை. இருந்த சீட்டையும் கரையான் தின்றது. வீட்டுப் பத்திரத்தையும் சாதகக் கட்டையும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டும் குடும்பம், ஆஸ்பத்திரிச் சீட்டைக் கூரைச் சந்தில் செருகி வைத்தது. பிறந்த நேரத்துக் கோள்நிலைக்குப் பூட்டு. வெட்டுண்ட வயிற்றின் வரலாற்றுக்குக் கரையான்! இந்த மதிப்பீடு மாற வேண்டாவா?

பேசாமையும் ஒரு நோய். 1923இல் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அழுது ஓயவில்லை. வாதாடினார், நிதி திரட்டினார். 1954இல் அடையாற்றிலே புற்றுநோய் நிலையம் எழுந்தது. 1968 செப்டம்பரில் முதலமைச்சர் அண்ணாவுக்கு உணவுக்குழாய்ப் புற்றுக்காக நியூயார்க்கில் அறுவை நடந்தது. 1969 பிப்ரவரி 3 அன்று அவர் மறைந்தார். நாடே அந்நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக் கலங்கிற்று. காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில் அவர் பெயராலேயே புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. இத்தனைக்குப் பிறகும் நம் வீடுகளில் அது "அந்த நோய்", "கட்டி", "சொல்லக் கூடாதது". பெயர் சொல்ல அஞ்சும் நோய்க்கு மருத்துவம் எப்படித் தேடுவது?

இன்று அரசு நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனைகள் பெரிதும் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றைத் தேடுபவை. தேடட்டும், வரவேற்கிறோம். வயிறு அந்தப் பட்டியலில் இல்லை என்பதைத் தழும்புடையோர் அறிந்துகொள்ள வேண்டும். முகாமில் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள், ஆகவே வயிறும் நலம் என்று எண்ணிவிடக் கூடாது. வயிற்றின் சார்பில் வழக்காட, அந்த வெள்ளைக்கோடு ஒன்றே சாட்சி. அதைக் காட்ட வேண்டும்.

படிப்பகத்து நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு வேலை தொடங்கினோம். ஞாயிறுதோறும் தெருவில் இறங்கி, அறுபது கடந்தவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டோம். ஒரே தெருவில் மூவர் கோட்டைக் காட்டினர். ஒருவர் சிரித்து அனுப்பிவிட்டார். ஒருவர், அவ்வப்போது வாந்தி என்றிருந்த பாட்டி, எண்டோஸ்கோபிக்கு வந்தார். புற்று இல்லை, பித்தநீர் தந்த அழற்சிதான் என்றார்கள். "வெறுங்கையோட அனுப்பிட்டாங்கய்யா" என்று ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். அந்த வெறுங்கை எவ்வளவு பெரிய செல்வம்! மூன்றாமவர், இரத்தம் குறைந்து களைத்திருந்தவர், இரும்புச்சத்து மருந்துடன் தொடர்ந்து மருத்துவரைப் பார்த்து வருகிறார். வீரச்செயல் ஒன்றுமில்லை இதில். கேட்டோம், அவ்வளவே.

இளைஞனே, உன்னையும் அதையே செய்யச் சொல்கிறோம். உன் வீட்டுத் திண்ணையில் தழும்போடு ஒருவர் இருந்தால் மூன்று கேள்வி கேள். எந்த ஆண்டு வெட்டினார்கள்? சீட்டு எங்கே? அண்மையில் சோறு குறைந்ததா, எடை குறைந்ததா, வாந்தியுண்டா, மலம் தார்போல் கறுத்ததா, காரணமின்றிக் களைப்பா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் சீரகத் தண்ணீருக்கும் சனி பகவானுக்கும் நாள் ஒதுக்காதே. மருத்துவமனைக்கு அழைத்துப் போ; மருத்துவர் கேட்காவிட்டாலும் சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டச் சொல். ஒன்றுமில்லை என்றாலும், இருபதாண்டு கடந்தவரெனில், ஒருமுறை உள்ளே பார்ப்பது தகுமா என்று மருத்துவரையே கேள். தொடக்கத்தில் கண்ட புற்றை வெட்டி நீக்கலாம். காலம் கடந்து கண்டால், நோயாளிக்கு நாம் தரக்கூடியது வலிநீக்கமும் உண்மையும் மட்டுமே.

வருமுன் அறிவது வரம் பெற்றவர் வேலையன்று. ஆண்டைக் குறித்து வைத்து, அறிகுறியை நினைவில் வைத்து, வாய்திறந்து கேட்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய வேலை அது. தழும்புக்கு வாய் இல்லை. நமக்கு இருக்கிறது.